வாசகர் கேள்வி பதில்: எல்ஷடாய்க்கு எது சரியான பொருள்?

கேள்வி: எங்கள் ஊரில் ஓட்டோவின் பின்கண்ணாடியிலும் ஜெபக்கூடத்துத் தகரப் பலகையிலும் ‘எல்ஷடாய்’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் போதகர் அதற்குப் ‘பாலூட்டுகிறவர்’ என்று அர்த்தம் சொல்கிறார். கூட்டத்துக்கு வந்த இன்னொருவர் ‘போதும் போதும் என்னும் வரை தருகிறவர்’ என்றார். வேதாகமத்தில் தேடினால் அந்தச் சொல்லே இல்லை. எது சரி?
வாசகி, தருமபுரம்

பதில்: சொல் இருக்கிறது அம்மா, தமிழாகி நிற்பதால் கண்ணில் படவில்லை. ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். ஆபிராமுக்கு 99 வயது, ‘நான் சர்வவல்லமையுள்ள தேவன்’ என்று குரல் வருகிறது. அந்த இடத்தில் எபிரேயத்தில் உள்ளது ‘ஏல் ஷத்தாய்’. ஏல் என்றால் கடவுள், அதில் யாருக்கும் பிணக்கில்லை. பிணக்கெல்லாம் ஷத்தாயில்தான்.

உங்கள் போதகர் சொல்வது சும்மா கட்டிவிட்ட கதையல்ல. எபிரேயத்தில் ‘ஷத்’ என்றால் முலை. ஆதியாகமத்தில் இந்தப் பெயர் வரும் இடங்களில் பாதிக்கு மேல் பிள்ளைப்பேறு, வம்சம் பெருகுதல் பற்றிய பேச்சுத்தான். 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு யோசேப்பை ஆசீர்வதிக்கும்போது இந்தப் பெயரையும் முலையையும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறார், எபிரேயத்தில் அது காதுக்கு நல்ல சந்தம். ஆனால் சந்தம் பொருந்துவதால் மட்டும் பெயரின் வேர் அதுதான் என்று ஆகிவிடாது. யோவேல் தீர்க்கதரிசி இதே பெயரை ‘ஷோத்’, அதாவது அழிவு, என்ற சொல்லோடு கோத்திருக்கிறார். ஒன்றைப் பிடித்தால் மற்றதையும் பிடிக்க வேண்டிவரும்!

ஆய்வாளர்கள் பலர் சாய்வது வேறு பக்கம்: எபிரேயத்துக்கு உறவான பழைய அக்காத் மொழியில் ‘ஷதூ’ என்றால் மலை, ஆகவே ‘மலைக்குரியவர்’. எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது, ஆனால் முடிந்த தீர்ப்பென்று சொல்லமாட்டேன். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று வளர்ந்த நமக்கு மலைக்கடவுள் புதினமில்லை, வன்னியில் மலைக்குத்தான் பஞ்சம்.

சரி, ‘போதும்’ எங்கிருந்து வந்தது? எபிரேயத்தில் ‘தாய்’ என்றால் போதும் (நம்முடைய தாயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). ‘ஷெ-தாய்’, போதுமென்றவர், என்று யூத ரபிமார், அதாவது யூத மத போதகர்கள், பிரித்துப் பார்த்தார்கள். ஆனால் அந்த ரபிமாரின் உரைத்தொகுப்பான தல்மூதில் உள்ள விளக்கத்தைக் கேளுங்கள்: படைக்கும்போது உலகம் விரிந்துகொண்டே போனதாம், அதைப் பார்த்து ‘போதும், நில்’ என்றாராம் கடவுள். அள்ளிக் கொடுக்கிற கதையல்ல, அணை போடுகிற கதை. இதைக் காட்டிக் காணியும் வாகனமும் கிடைக்கும் என்று பிரசங்கம் செய்தால் அது பிரசங்கியாரின் சொந்தச் சரக்கு.

இன்னொன்றும் உண்டு. எபிரேய வேதாகமத்தில் ஷத்தாய் என்ற பெயர் வருவது 48 இடங்களில். அதில் 31 யோபு புத்தகத்தில், பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதனைச் சுற்றி நடக்கிற வாக்குவாதத்தில். ரூத் புத்தகத்தில் அதைச் சொல்வது நகோமி. பஞ்சத்துக்காகப் பெத்லெகேமை விட்டு மோவாபுக்குப் போனவள், அங்கே புருஷனையும் இரண்டு மகன்மாரையும் சாகக் கொடுத்து, மருமகளோடு ஊர் திரும்புகிறாள். ‘சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்’ என்று ஊர்ப் பெண்டுகள் முன்னால் வாய்விட்டுச் சொல்கிறாள். ‘நிறைவுள்ளவளாய்ப் போனேன்’, வெறுமையாய்த் திரும்பினேன் என்கிறாள். இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் இதற்குப் பொழிப்புரை வேண்டாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ஷத்தாய்க்குப் போட்டிருக்கும் சொல் ‘ஹிகானோஸ்’, போதுமானவர் என்றே அர்த்தம். கசப்பாக்கியவரையே போதுமானவர் என்று அழைக்கிறது அந்த வசனம். ஓட்டோவில் எழுதுகிறவர்கள் நகோமியையும் ஒருமுறை வாசிக்கலாம்.

கேள்வி: எபிரேய ‘ஏல்’ நம் தமிழ் ‘எல்’தானே? தமிழிலிருந்துதான் போனதா?
வாசகர், மல்லாவி

பதில்: ஆசைதான். ‘எல்லே இலக்கம்’ என்கிறது தொல்காப்பியம், ஒளி என்று பொருள், ‘எற்பாடு’ என்ற பொழுதின் பெயரும் அதிலிருந்தே. ஆனால் ஏலுக்கு அதன் வீட்டிலேயே ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது: அக்காத்தில் ‘இலு’, அரபியில் ‘இலாஹ்’. சிரியாவின் உகாரித்தில் கிடைத்த களிமண் ஏடுகளில் தெய்வங்களுக்கெல்லாம் தலைவன் பெயரே ஏல்தான். ஒலி ஒத்துப்போனது தற்செயல். பெருமைப்பட வேண்டுமென்றால் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களைப் பாருங்கள், அவற்றைக் குறிக்கும் ‘துக்கி’ தமிழ்த் தோகை என்று சொல்வோர் பலர்.

கேள்வி: ஷடாய் என்று பொறித்த தகட்டை வாசலில் அடித்தால் கெட்டது அண்டாதென்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
வாசகர், நெடுங்கேணி

பதில்: யூதர் வாசலில் வைப்பது மெசுசா. வலப்பக்க நிலையில் சிறு கூடு, உள்ளே சுருட்டிய தோலில் உபாகமத்தின் இரண்டு பகுதிகள், தோலின் வெளிப்புறத்தில் ஷத்தாய் என்ற பெயர். கூட்டின் மேலும் அதன் முதலெழுத்தைப் போடுவதுண்டு. முக்கியம் உள்ளே இருக்கும் எழுத்து, வெறும் தகடு மெசுசா ஆகாது. அதற்குள் தேவதூதர் பெயர்களை எழுதித் தாயத்தாக்கியவர்களை 12ஆம் நூற்றாண்டிலேயே மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் கடுமையாகத் திட்டியிருக்கிறார். பாம்புக்கடிக்கென்று மடு மாதா கோயில் மண்ணைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு, அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை (கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்). ஆனால் மடு மண்ணுக்கு யாரும் விலை கேட்பதில்லை. தகட்டுக்குக் கேட்கிறார், வாங்காதீர்கள்.