மணமக்களுக்கு முதுகைக் காட்டுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் என் அக்காவுக்குத் திருமணம். புகைப்படக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம். இருந்தாலும் நானும் எடுக்க ஆசைப்படுகிறேன். என்னிடம் இருப்பது சாதாரண கேமராதான், அதோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ் மட்டும்தான். உள்ளே எடுத்தால் படங்கள் கலங்கலாக வருகின்றன. நண்பர் தன் விலையுயர்ந்த கேமராவைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? ராவ் (RAW) என்னும் பதப்படுத்தாத கோப்பாக எடுக்க வேண்டுமா? எந்த மென்பொருளில் திருத்துவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வாங்காதீர்கள். பழகாத கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால், அக்கா சிரிக்கும் நேரத்தில் நீங்கள் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ராவ், மென்பொருள் எல்லாம் இன்னொரு நாள் பேசலாம். ‘சாதாரண கேமராதான்’ என்று கடிதம் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள் (சுருக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்). யாரிடம் மன்னிப்பு? எதற்கு?

கலங்கலுக்குக் காரணம் கேமராவின் விலை இல்லை. ஜூம் செய்து 55-க்குப் போனால் உங்கள் லென்ஸ் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் பெரிதானால் திறப்பு சிறிது). வெளிச்சம் போதாமல் ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டிவரும். அதற்குள் உங்கள் கையும் அசையும், எதிரில் இருப்பவரும் அசைவார். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, 1600, தேவைப்பட்டால் 3200 என்று ஏற்றி, ஷட்டரை 1/125 நொடியில் நிறுத்தப் பாருங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். புள்ளியை மன்னிக்கலாம், கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. சென்ற வாரம் என் பெரியம்மாவின் படம் ஒன்று தேவைப்பட்டது. அவர் இப்போது இல்லை. என் தங்கையின் திருமணத்தை முழுக்க நின்று நடத்தியவர் அவர்தான், நிச்சயம் படம் இருக்கும் என்று ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரே ஒரு படத்தில் ஓரமாக இருக்கிறார். யாரையோ அதட்டத் திரும்பியிருக்கிறார், வாய் பாதி திறந்திருக்கிறது, கன்னம் வெள்ளைக் காகிதம்போல வெளிறிக் கிடக்கிறது. ஃப்ளாஷ் ஒளிக்கு ஒரு கணக்கு உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். தள்ளி நின்ற மணமக்களுக்குச் சரியாக அளந்த ஒளி, அதில் பாதித் தூரத்தில் நின்ற பெரியம்மாவின் முகத்தில் நான்கு மடங்காக விழுந்திருக்கிறது.

படம் எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். மணமக்களை எடுக்கத்தான் அவரை அழைத்தோம், அதை அழகாகச் செய்திருக்கிறார். இந்த அம்மாள் யார், இவர் இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு நாற்காலிகூட நகர்ந்திருக்காது என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். எந்த மாமா யாரோடு பேச்சை நிறுத்தி இன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எந்தப் பாட்டிக்கு அக்கா செல்லம் என்பது அந்த மண்டபத்தில் கேமரா வைத்திருப்பவர்களில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அதை விட்டுவிட்டு, புகைப்படக்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் எடுக்கும் அதே படத்தை இன்னும் மோசமாக எடுக்கப் போகிறீர்களா? அவர் வழியையும் மறித்துக்கொண்டு?

திரும்பி நில்லுங்கள். மணமக்கள் தூரத்தில் இருப்பார்கள், ஓயாமல் அசைவார்கள், உங்கள் லென்ஸ் திணறும். பாட்டி அப்படியில்லை, உட்கார்ந்த இடத்தில் இருப்பார், கிட்டேயும் போகலாம். ஜன்னலோரமாகவோ வாசலருகிலோ அவர் இருக்கும் நேரம் பாருங்கள். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும், பக்கவாட்டில் வரும்படி நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள். 18-இல் வைத்து மூஞ்சிக்கு நேரே போனால் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும், பாட்டி திட்டுவார். 35-க்குக் கொஞ்சம் மேலே வைத்து ஓரடி பின்னால் வாருங்கள். கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/60 போதும். ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து எடுங்கள், எதிலாவது ஒன்றில் கண்ணை மூடியிருப்பார். ‘இங்கே பாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் முகம் விறைத்துவிடும்.

யாரையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார்.

அப்புறம், அன்று இரவே எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கார்டில் உள்ளதை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். கார்டை அதற்கு முன் அழிக்காதீர்கள்.

அக்காவுக்கு என் வாழ்த்துகள். லென்ஸ் வாங்கியே தீருவேன் என்றால் 50 எம்எம் எஃப்/1.8 ஒன்று பாருங்கள். எஃப்/5.6-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வாங்கினால் திருமணத்துக்கு முன் வீட்டில் இருப்பவர்களை எடுத்துப் பழகிவிடுங்கள், அதில் ஜூம் கிடையாது, முன்னும் பின்னும் நீங்கள்தான் நடக்க வேண்டும்.