ரூர் நிலக்கரி நாட்டில் சைக்கிள் பயணம்: கேட்டவையும் சொன்னவையும்

ஜேர்மனியின் ரூர் பகுதி ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நிலக்கரி நாடு. இன்று அங்கே ஒரு கரிச் சுரங்கமும் இயங்குவதில்லை. கரி ஏற்றிய ரயில் பாதைகள் பல சைக்கிள் பாதைகளாகிவிட்டன. டோட்முண்டில் பல வருடம் வேலை செய்து, அந்தப் பாதைகளில் ஓடித் திரிந்துவிட்டு, இப்போது மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கிறேன். பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்க்க அங்கே போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. போனவர்கள் கோயிலையும் கடைகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பெரிய மனக்குறை. அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், கரி தோண்டின இடம் என்றால் தூசியும் புகையும்தானே. அதைப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

தூசியும் புகையும் இருந்த காலம் உண்மைதான் தம்பி. 1950களின் பிற்பகுதியில் மேற்கு ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 இலட்சம் பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலானோர் ரூரில். மலிவான எண்ணெயும் வெளிநாட்டுக் கரியும் வந்த பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2018 டிசம்பர் 21 அன்று போட்ரொப் நகரின் புரொஸ்பர்-ஹனியல் மூடியதோடு எல்லாம் முடிந்தது. மேலே கொண்டுவந்த கடைசிக் கரிக்கட்டியை அந்த நாட்டு ஜனாதிபதியின் கையில் கொடுத்தார்கள்.

மூடின இடங்களை எல்லாம் இடித்துப் பழைய இரும்பாக விற்றிருக்கலாம். சில இடங்களில் விற்றும்விட்டார்கள். ஆனால் 1989 முதல் 1999 வரை எம்ஷர் ஆற்றோரம் நடந்த பெரிய புனரமைப்புத் திட்டம் வேறு வழியைக் காட்டியது: கட்டடத்தை நிற்க விடு, சுற்றிவரக் காடு வளர விடு, நடுவே பாதை போடு. எசன் நகரின் சொல்வெரைன் சுரங்கத்தைப் பாருங்கள். அதன் 12ஆம் இலக்கச் சுரங்கக்குழி 1932இல் திறந்து 1986இல் மூடியது. சிவப்புச் செங்கலும் இரும்புச் சட்டமுமாக நேர்கோட்டுக் கட்டடங்கள், நடுவில் குழியிலிருந்து கரியையும் ஆட்களையும் மேலே தூக்கிய 55 மீற்றர் உயரத் தூக்குக் கோபுரம். 2001இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. கரி கழுவிய கட்டடத்துக்குள் இப்போது ரூர் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தப் பகுதியின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வதைக்கப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களின் கதையும் ரூரின் வரலாறுதான். அதை மறைக்காமல் சொல்கிறார்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு ஐயா: எங்களுக்கு மேடு என்றால் கல்லடிப் பாலம்தான். அங்கே மலை ஏற வேண்டி வருமா? வயது 60ஐத் தாண்டிவிட்டது.

கவலையே வேண்டாம் ஐயா. கரி ஏற்றின ரயில் செங்குத்தான மேடு ஏறாது. அதனால் அந்தத் தண்டவாளம் கிடந்த பாதைகள் எல்லாம் மிகச் சாய்வு குறைந்தவை. வீதிகளுக்கு மேலாகப் பழைய பாலங்களிலேயே போய்விடுவதால் வாகனத் தொல்லையும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது போஹும் நகரில் தொடங்கி கெல்சன்கிர்ஷன் பக்கம் கால்வாய்த் துறைமுகம் வரை போகும் பழைய இரும்புத்தாது ரயில் பாதை. 10 கிலோமீற்றர் அளவுதான். முதல் நாள் அதில் ஓடிப் பாருங்கள், உடம்புக்கு நம்பிக்கை வந்துவிடும்.

மேடு வேண்டுமென்றால் அதற்கும் இடம் உண்டு. சுரங்கத்திலிருந்து வந்த கழிவுக்கல்லைக் குவித்துக் குவித்து உண்டான குன்றுகள் அங்கே ஏராளம். ஹெர்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள ஹோஹெவார்ட் குன்று சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 100 மீற்றர் உயரம். சைக்கிளை அடியில் பூட்டிவிட்டு நடந்தும் ஏறலாம்.

வழி தவறுவதும் கடினம். பாதைகள் சந்திக்கும் இடங்களில் இலக்கம் போட்ட சிவப்புப் பலகைகள் இருக்கும். போக வேண்டிய இலக்கங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்தால் போதும்.

கல்முனையிலிருந்து ஒரு ஆசிரியை: மூன்று நாள்தான் இருக்கிறது அண்ணன். எதை வைப்பது, எதை விடுவது?

தங்கச்சி, மூன்று நாளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாள் சொல்வெரைனும், அங்கிருந்து வடக்கே நோர்ட்ஷ்டேர்ன் பூங்காவும். அதுவும் பழைய சுரங்கம்தான். 1997இல் பெரிய மலர்க்கண்காட்சிக்காகப் பூங்காவாக்கினார்கள்.

இரண்டாம் நாள் ரைன்-ஹேர்ன கால்வாய்க் கரையோடு மேற்கே ஓடுங்கள். போட்ரொப்பில் கழிவுக்கல் குன்றின் உச்சியில் நாலு முகம் கொண்ட இரும்புக் கூம்பு ஒன்று நிற்கும். அதன் படிகள் தொங்குபவை, காற்றுக்கு ஆடும். தலைசுற்றுகிறவர்கள் கீழேயே நின்றுகொள்ளலாம். அப்புறம் ஓபர்ஹவுசன். 1929இல் கட்டிய, 117 மீற்றருக்கு மேல் உயரமான வாயுத் தாங்கிக்குள் கண்காட்சிகள் நடக்கின்றன. உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள்.

மூன்றாம் நாள் முழுவதையும் டுயிஸ்பேர்க் நகரின் இயற்கைப் பூங்காவுக்குக் கொடுங்கள். 1985இல் மூடிய இரும்பு உருக்காலை அது. கரி எதற்காகத் தோண்டப்பட்டது என்பது அங்கேதான் விளங்கும். உலையின் உச்சிவரை ஏறலாம், உள்ளே போகக் கட்டணம் இல்லை. பழைய வாயுத் தாங்கியில் தண்ணீர் நிரப்பி நீர்மூழ்கப் பழகுகிறார்கள். வார இறுதி என்றால் இரவு வரை நில்லுங்கள், உலைகளுக்கு வண்ண விளக்குப் போடுவார்கள்.

காரில் ஒரே நாளில் இவ்வளவையும் பார்க்கலாம் என்று உங்கள் சொந்தக்காரர் சொல்லுவார். பார்க்கலாம்தான், ஆனால் சுரங்கம், தொழிலாளர் குடியிருப்பு, கால்வாய், உலை என்று ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக் கிடந்தது என்பது பெருந்தெருவிலிருந்து தெரியாது. சைக்கிளில் போனால்தான் பிடிபடும்.

செங்கலடியிலிருந்து: எந்த மாதம் நல்லது? விசாவுக்கு என்ன?

மே முதல் செப்டெம்பர் வரை. கோடையிலும் மழை வரும், மழைச்சட்டை எடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். கோடைக்குப் போவதென்றால் வருடத் தொடக்கத்திலேயே அலுவலைப் பாருங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: சைக்கிளை இங்கிருந்து கொண்டு போகவா?

வேண்டாம். வாடகைக்குத் தாராளமாகக் கிடைக்கும், சொந்தக்காரர் வீட்டிலும் ஒன்று சும்மா நிற்கும். முன்விளக்கு, பின்விளக்கு, மணி கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளூர் ரயிலில் சைக்கிளையும் ஏற்றலாம், அதற்குத் தனி ரிக்கற் உண்டு. காலையும் மாலையும் வேலைக்குப் போகிற கூட்டநேரத்தைத் தவிருங்கள்.

முக்கியமானது: அங்கே வலது பக்கம் ஓட வேண்டும். நேரே போகும்போது மறக்காது. நின்றுவிட்டு மறுபடி ஏறும்போதும், சந்தியில் திரும்பும்போதும்தான் நமது பழக்கம் இடப்பக்கம் இழுக்கும். சாப்பாட்டுக் கடையில் இருந்து வெளிக்கிடும் ஒவ்வொரு தடவையும் இதை நினையுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: நானா, ஹலால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் கஷ்டமா?

ஐரோப்பாவில் அதற்கு இவ்வளவு வசதியான பகுதி குறைவு. 1961இல் துருக்கியோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் வந்த துருக்கியர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த ஊர்க்காரர்கள். கடைகளுக்குக் குறைவே இல்லை. டுயிஸ்பேர்க்கின் மார்க்ஸ்லோ பகுதியில் 2008இல் திறந்த பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. மேலே சொன்ன பூங்காவிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான். ஜும்ஆவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவி: இயற்கை என்கிறீர்கள். கெட்டுப்போன நிலத்தில் என்ன இயற்கை?

நல்ல கேள்வி மகள். ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். தோண்டத் தோண்டச் சுரங்கத்துக்கு மேலுள்ள நிலம் இறங்கும். நிலத்தடியில் குழாய் போட்டால் உடைந்துவிடும். அதனால் நூறு வருடத்துக்கு மேலாக எம்ஷர் ஆற்றையே திறந்த சாக்கடையாக ஓட விட்டார்கள். சுரங்கங்கள் மூடி நிலம் அடங்கிய பிறகு 1992இல் திருத்த வேலை தொடங்கியது. நிலத்தடியில் 51 கிலோமீற்றர் நீளக் கழிவுநீர்க் குழாய் போட்டு, 2021இன் முடிவில் ஆற்றுக்குள் கழிவுநீர் விழுவதை முழுதாக நிறுத்தினார்கள். செலவு 500 கோடி யூரோவுக்கும் மேல். பக்கத்தில் நிற்க முடியாமல் நாறிய கரையில் இன்று பிள்ளைகளோடு சைக்கிள் ஓடுகிறார்கள்.

நிலத்தைப் பற்றிச் சொன்னால், கைவிட்ட சுரங்க வளவுகளில் முதலில் வந்தது பேர்ச் மரம். சத்தில்லாத கல்மண்ணிலும் அது பிடித்துக்கொள்ளும். அந்த வெறுந்தரையில் மழைக்குத் தேங்கும் ஆழமில்லாத குட்டைகள் நட்டர்ஜாக் என்ற அரிய தேரைக்குப் பிடித்த இடம். உயரமான புகைபோக்கிகளில் பைரி வல்லூறு கூடு வைக்கிறது. நீங்கள் படிக்கிற பாடத்துக்கு அது திறந்த ஆய்வுகூடம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இறங்கின நிலத்துக்குத் தண்ணீர் ஏறாமல் இருக்கப் பம்புகள் இன்றும் ஓடுகின்றன. நிறுத்தினால் பல ஊர்கள் குளமாகிவிடும். அந்தச் செலவுக்கென்றே 2007இல் ஒரு நிதியம் அமைத்தார்கள். கரி முடிந்தாலும் கணக்கு முடியவில்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு எப்படியும் போவோம். பக்கத்தில் ஏதாவது உண்டா? சுரங்கத்துக்குள் இறங்கலாமா?

ஹம் நகரமே சுரங்க நகரம்தான் அக்கா. 2002இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலிலிருந்து கிட்டத்தில் மக்ஸிமிலியான் பூங்கா இருக்கிறது. பழைய கரி கழுவும் கட்டடத்தைப் பெரிய கண்ணாடி யானையாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே லிப்டில் ஏறலாம். பிள்ளைகளுக்கு அதைவிட்டு வர மனம் வராது. அதே நகரில் ராட்பொட் சுரங்கத்தின் தூக்குக் கோபுரங்கள் நிற்கின்றன. 1908 நவம்பர் 12இல் அங்கே வெடித்து ஏறத்தாழ 350 தொழிலாளர்கள் இறந்தார்கள். கோயிலுக்குப் போகிற எங்கள் ஆட்களில் அங்கே போகிறவர் குறைவு. தயவுசெய்து போய் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இறங்குவதற்கு, போஹும் சுரங்க அருங்காட்சியகத்தின் அடியில் காட்சிக்காக அமைத்த சுரங்கம் உண்டு. ஆனால் என் தெரிவு விற்றன் நகரின் நஹ்டிகல். ரூர் ஆற்றங்கரையில், தலைக்கவசம் போட்டுக் குனிந்து உள்ளே போய் உண்மையான கரிப்படையைத் தொட்டுப் பார்க்கலாம்.

மீண்டும் வாழைச்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்: எங்கள் காகித ஆலையிலும் இப்படி ஒன்று செய்ய முடியாதா?

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1956இல் தொடங்கிய ஆலை, வைக்கோலில் காகிதம் செய்த இடம், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒன்றாக வேலை செய்த இடம். உற்பத்தி நடக்க வேண்டும், வேலை வேண்டும். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பழைய இயந்திரங்களையும் மனிதர்களின் ஞாபகத்தையும் பாதுகாப்பதற்கு ஆலை மூடும்வரை இருக்கத் தேவையில்லை. ரூரிலும் எல்லாம் அரசாங்கத்திலிருந்து தொடங்கவில்லை. 1969இல் டோட்முண்டின் சொலேர்ன் சுரங்க இயந்திர மண்டபத்தை இடிக்கப் போனபோது எதிர்ப்புத் தெரிவித்தவர்களால்தான் அது தப்பியது.

நாங்கள் இப்போதே செய்யக்கூடியது உங்களைப் போன்றவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது: எந்தப் பகுதியில் என்ன வேலை, சங்கு எப்போது ஊதும், குடியிருப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம். பழைய அடையாள அட்டை, படம், சம்பளத் துண்டு இருந்தால் எறியாதீர்கள். வருகிற ஞாயிறு காலை கல்லடியிலிருந்து ஏறாவூர், சித்தாண்டி வழியாக வாழைச்சேனைக்குச் சைக்கிளில் வருகிறோம். விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்ளலாம். பதிவுக்கருவி கொண்டு வருவேன் ஐயா, உங்களோடு வேலை செய்தவர்களையும் கூப்பிட்டு வையுங்கள்.