டாப்ஸ்லிப் காடு: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: ஆனைமலைக் காட்டுக்குள் ‘டாப்ஸ்லிப்’ என்ற ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது, ஐயா?

பதில்: வெட்டிய தேக்குக் கட்டைகளை யானைகள் மலைமேட்டுக்கு இழுத்து வர, அங்கிருந்து அவற்றைச் சரிவில் சறுக்கிவிட்டுச் சமவெளிக்கு இறக்கிய இடம் அது. ஆங்கிலேயர் காலத்தில் ஆனைமலைத் தேக்கு பம்பாயின் கப்பல் கட்டும் துறை வரைக்கும் போயிருக்கிறது. அந்தத் தேவைதான் இந்தக் காட்டை ஏறக்குறைய மொட்டையடித்தது.

கேள்வி: ஆங்கிலேயர் கால வன அதிகாரி ஹியூகோ வுட் இந்தக் காட்டைக் காப்பாற்றினார் என்கிறார்களே, அது சரியா?

பதில்: பாதி சரி. அவர் மரம் வெட்டுவதை நிறுத்தியவர் அல்லர். வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும்படி விட்டு, வெறுமையான இடங்களில் தேக்கை மீண்டும் வளர்த்தவர். சட்டைப்பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி ஊன்றிச் சென்றார் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பை ஒட்டிய மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. ‘என் நினைவுச் சின்னத்தைத் தேடினால், சுற்றிலும் பார்’ என்ற பொருளுடைய லத்தீன் வரி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த வரியைப் படித்துவிட்டு நிமிரும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் தேக்குத் தோட்டமும் காடுதானே?

பதில்: இல்லை என்றே சொல்வேன். கோடையில் தேக்குக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும், தலைக்கு மேலே வெயில் சுடும். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள கரியன் சோலை என்னும் பசுமைமாறா இயற்கைக் காட்டுக்குள் நுழைந்தால், அதே நண்பகலில் இருட்டும் ஈரமும் சூழ்ந்துகொள்ளும். மழைக்காலமானால் அட்டை காலில் ஏறும். சிங்கவால் குரங்கு உச்சிக்கிளைகளிலேயே வாழ்வதற்கு அந்த இடையறாத பசுங்கூரை வேண்டும். இருவாச்சிக்கோ, பொந்துள்ள முதிய பெருமரம் வேண்டும். பெண் பறவை அந்தப் பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை வாரக்கணக்கில் அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டுகிறது. இப்படிப்பட்ட ஒரு பொந்தை எந்த நாற்றங்காலிலும் வளர்த்தெடுக்க முடியாது.

கேள்வி: இது மக்களின் சொத்து, பிறகு ஏன் எங்கும் மலையேற விடுவதில்லை?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும், மேலே சொன்ன அந்த ஆண் பறவை நம் சத்தத்துக்கு அஞ்சிக் கூட்டை அணுகாமல் போனால், உள்ளே அடைபட்டிருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். 1976இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. இங்கு வனவிலங்குக்குப் பிறகுதான் பார்வையாளர். கோடையில் காட்டுத்தீ அச்சமும் சேர்ந்துகொள்வதால், அப்போது நடைப்பயணத்தை நிறுத்திவைப்பது மிகவும் நியாயமானது.

கேள்வி: காட்டுக்குள் வாழும் மக்களையும் வெளியேற்ற வேண்டுமா?

பதில்: கூடாது. காடர், மலசர், முதுவர், புலையர் முதலானோர் எந்த அறிவிப்புக்கும் முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள்; 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை ஏற்கிறது. கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பராமரிக்கும் மாவுத்தர்களில் மலசர் பலர் உண்டு. இருவாச்சிக் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பதைக் காடர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

கேள்வி: குழந்தைகளுடன் ஒரே நாள் வருகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: பொள்ளாச்சியிலிருந்து காலையிலேயே புறப்படுங்கள்; நெகிழிப் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சேத்துமடைச் சாவடியில் சோதிப்பார்கள். வனத்துறை வண்டியில் ஒரு சுற்று போய்வந்து, முகாமில் யானைகள் உணவு உண்பதைக் காட்டுங்கள். பிறகு ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால், பறவை கண்ணில் படும் முன்பே அதன் சிறகோசை, காற்றைக் கிழிப்பதுபோலக் கேட்கும்.