வாசகர் கேள்வி, வாகன ஆலோசகர் பதில்: அணைய மறுக்கும் ஏர்பேக் விளக்கு

கேள்வி: என் கார் வாங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. சில வாரங்களுக்கு முன் முன்பக்க பம்பர் ஒரு சுவரில் இடித்துவிட்டது. டிங்கரிங் கடையில் கொடுத்துச் சரிசெய்து, பெயின்ட் அடித்து வாங்கினேன். அன்றிலிருந்து மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. ஒரு மெக்கானிக், 'சென்சார் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்' என்கிறார். மற்றொருவர், 'வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, விட்டுவிடுங்கள்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டாமவர் சொல்வதை நிச்சயமாகக் கேட்காதீர்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தன்னையும், சென்சார்களையும், ஒவ்வொரு ஏர்பேக்கின் மின்சுற்றையும், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் அமைப்பையும் சில விநாடிகளில் சோதித்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே விளக்கை அணைக்கிறது. விளக்கு அணையவில்லை என்றால், மோதலின்போது ஏர்பேக் விரியாமல் போகக்கூடும். எஞ்சின் சீராக ஓடுவதை வைத்து இதை மதிப்பிட முடியாது.

முதலாமவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்; ஆனால் ஈசியூவில் பதிவாகும் பிழைக் குறியீட்டைப் படிக்காமல் சென்சாரை மாற்றச் சொல்வது முறையல்ல. மலிவு விலையில் கிடைக்கும் பல ஸ்கேனர்கள் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே காட்டும் என்பதால், ஏர்பேக் ஈசியூவுடன் பேசக்கூடிய ஸ்கேனர் உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுசெல்லுங்கள். எந்தக் குறியீடு பதிவாகியிருக்கிறது, அது இப்போதும் இருக்கும் கோளாறா அல்லது முன்பு வந்துபோனதா என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பம்பர் வேலைக்குப் பிறகு விளக்கு எரியத் தொடங்கியதால், உங்கள் வண்டியில் முதல் சந்தேகம் முன்பக்க மோதல் சென்சார் மீதுதான். பல கார்களில் இது ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில், பம்பருக்குப் பின்னால் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பம்பரைக் கழற்றி மாட்டும்போது இதன் கனெக்டரைத் திரும்பச் செருக மறந்திருக்கலாம். செருகியும் பூட்டு 'டக்'கென்று விழாமல் பாதியில் நின்றிருக்கலாம். கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் புகுந்ததற்கு அதுவே அடையாளம். வண்டியின் உடல் திடீரென வேகம் இழப்பதை உணர்ந்து சொல்வதே இந்தச் சென்சாரின் வேலை என்பதால், அது உட்காரும் இடம் வளையாமல், பட்டியோ பெயின்ட்டோ திரண்டிராமல், சுத்தமான தகடாக இருக்க வேண்டும். சென்சாரின் மேல் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையிலேயே மாட்ட வேண்டும். கழற்றும்போது கீழே விழுந்த சென்சாரை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

இந்த வேலைக்கு முன்பு சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கார் கையேடு சொல்லும் நேரம், அது தெரியாவிட்டால் குறைந்தது 3 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி துண்டானாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக ஈசியூவுக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. அது வடியும் வரை ஆபத்து நீங்குவதில்லை.

மெக்கானிக் எவராவது மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் வைக்கப்போனால் உடனே தடுத்துவிடுங்கள். ஏர்பேக்கினுள்ளே இருக்கும் தீப்பொறித் திரியின் மின்தடை சுமார் 2 ஓம்தான். மீட்டர் செலுத்தும் சிறிய மின்னோட்டம்கூட அதை வெடிக்கச் செய்யக்கூடும். தெரிந்தவர்கள் ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் அதே அளவு மின்தடையைச் சோதனைக்காக மட்டும் இணைத்துப் பார்ப்பார்கள். அப்போது குறியீடு மாறினால் கோளாறு ஏர்பேக்கில். மாறாவிட்டால் வயரிலோ ஈசியூவிலோ. மோதல் சென்சாரையும் மீட்டரால் சோதிக்க முடியாது. அது தரவாகப் பேசும் மின்னணுக் கருவி. அதற்குச் செல்லும் வயரை மட்டும், சென்சார், ஈசியூ இரண்டு முனையிலும் கழற்றிய பிறகு அளக்கலாம்.

குறியீடு முன்பக்கச் சென்சாரைக் காட்டாவிட்டால் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். ஹாரனோ ஸ்டீரிங் மேலுள்ள பொத்தான்களோ சேர்ந்து வேலை நிறுத்தியிருந்தால், ஸ்டீரிங்கின் அடியில் சுருண்டிருக்கும் 'கிளாக் ஸ்பிரிங்' என்ற வயர் பட்டை அறுந்திருக்கலாம். சீட்டின் அடியிலுள்ள கனெக்டர்தான் இன்னொரு வழக்கமான இடம்: சீட் கவர் மாட்டும் கடைகளில் சீட்டைக் கழற்றும்போது அதைப் பிரித்துவிட்டு, அப்படியே சாவியை ஆன் செய்துவிடுகிறார்கள். ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்து காரின் தரைவிரிப்புக்குள் நீர் தேங்குவதும், எலி வயரைக் கடிப்பதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பவை. எலி கடித்த ஏர்பேக் வயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். தயாரிப்பாளர் அனுமதித்த முறையில் சரிசெய்வதோ, வயரிங்கை மாற்றுவதோதான் சரி.

வேலை முடிந்ததும் பேட்டரியை இணைக்கும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிறகு ஸ்கேனரால் குறியீட்டை அழிக்கச் சொல்லுங்கள்; கோளாறு தீராவிட்டால் விளக்கு மீண்டும் எரியும்.

கேள்வி: பழைய கார் வாங்க இருக்கிறேன். ஏர்பேக் விளக்கு எரியவில்லை. இதை நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: சாவியை ஆன் செய்ததும் விளக்கு சில விநாடிகள் எரிந்து, அதன்பின் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் பல்பையோ இணைப்பையோ யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றே சந்தேகிக்க வேண்டும். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் நிம்மதியடைந்துவிட முடியாது. ஒருமுறை விரிந்த ஏர்பேக்குக்குப் பதிலாக, மேலே சொன்ன அதே 2 ஓம் மின்தடையை நிரந்தரமாகப் பொருத்தி விளக்கை ஏமாற்றி விற்பவர்கள் உண்டு. இது உயிரோடு விளையாடும் குற்றம். ஆகவே ஸ்டீரிங் மூடியின் நிறமும் விளிம்பு இடைவெளியும், பயணி பக்க டேஷ்போர்டு மூடியும் அசலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈசியூவில் மோதல் பதிவு உள்ளதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக், புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும், ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2022 ஜனவரி 1 முதலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியாக இருந்தால், எத்தனை ஏர்பேக்குகளோடு வந்தது என்பதைத் தயாரிப்பாளரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டகாடா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் வெப்பத்தாலும் ஈரத்தாலும் வாயுவை உண்டாக்கும் அமோனியம் நைட்ரேட் சிதைந்து, ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர் வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்ததால் உலகெங்கும், இந்தியாவிலும், கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. முன்பணம் கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணைச் சொல்லி, அத்தகைய அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்றும் தயாரிப்பாளரிடமே கேளுங்கள். இருந்தால் அந்தப் பாகத்தைத் தயாரிப்பாளரே கட்டணமின்றி மாற்றித் தருவார்.