நடந்து செல்பவர் மீது கார் மோதினால்: வழக்கறிஞரிடம் கேட்டவை

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

ஐயா, காலையில் பால் வாங்கப் போன என் அப்பாவைக் கார் இடித்துவிட்டது. தானே எழுந்து நடந்து வந்தார், வலியில்லை என்கிறார். மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா? (தஞ்சாவூர்)

இன்றே போக வேண்டும், அம்மா. தலையில் அடிபட்டவர் சில மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே கசியும் இரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கியதும் மயங்கி விழுவதுண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

இடித்தவரே என் கணவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார். செலவு முழுவதையும் தானே ஏற்பதாகவும், போலீஸ் கேஸ் மட்டும் வேண்டாம் என்றும் கெஞ்சுகிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். (கரூர்)

நல்லவராகவே இருக்கட்டும். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு அவர் மீது சுமத்தும் கடமைகள். மேலும், காருக்கு முறையான காப்பீடு இருந்தால் இழப்பீட்டுத் தொகையைத் தருவது காப்பீட்டு நிறுவனமே. அவர் கையிலிருந்து போகப்போவதில்லை என்பதை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நான் நடத்திய ஒரு வழக்கில், பூ வியாபாரி ஒருவரை நினைவிழந்த நிலையில் காரோட்டியே கொண்டுவந்து சேர்த்திருந்தார். அவசரப் பிரிவு மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், 'வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது' என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருந்தது. சொன்னவர் காரோட்டி, கேட்டதை மருத்துவர் எழுதிக்கொண்டார். இடுப்பெலும்பு முறிந்த அந்த மனிதர் கூண்டில் ஊன்றுகோலுடன் நின்றபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார். ஆகவே இடம், நேரம், வண்டி எண் மூன்றையும் உங்கள் வாயாலேயே மருத்துவரிடம் சொல்லி, என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். நேற்றே தவறாகப் பதிவாகியிருந்தால், இன்றே காவல் நிலையத்தில் நடந்ததை எழுத்தில் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசமாகத் தரப்பட வேண்டியது.

கையில் பணமில்லாமல் தனியார் மருத்துவமனைக்குப் போக முடியுமா? (சேலம்)

முடியும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டமும் ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் உதவுகிறது.

இடித்த கார் நிற்காமல் போய்விட்டது. எண்ணைப் பார்க்கவில்லை. (திண்டுக்கல்)

டீக்கடை, பெட்ரோல் பங்க், நகைக்கடை என அந்தச் சாலையில் எங்கெல்லாம் கண்காணிப்பு கேமரா இருக்கிறதோ அங்கெல்லாம் பதிவை எடுக்கும்படி காவல்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால் தாமதிக்காதீர்கள். வண்டி கிடைக்கவே இல்லையென்றாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் உண்டு. சிறிய தொகைதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளைக் கோடு இல்லாத இடத்தில் சாலையைக் கடந்தேன். தவறு என்னுடையதுதானே? (மதுரை)

அதனால் மட்டும் உரிமை போய்விடாது. உங்கள் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் கருதினால், அந்த விகிதத்தில் தொகை குறையும், அவ்வளவுதான். 'என் தப்புதான்' என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் இல்லத்தரசி. சம்பளம் இல்லாத எனக்கு என்ன இழப்பீடு கிடைக்கும்? (நாமக்கல்)

வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் மீண்டும் உறுதிப்படுத்தியது. சமையலுக்கும் துணைக்கும் ஆள் வைத்த செலவையும், ஆட்டோ கட்டணத்தையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.