வாசகர் கேள்வி-பதில்: 'ஸ்டைன்ஸ்;கேட்' ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது?

ஹட்டன் வாசகர்: எல்லாரும் புகழ்கிறார்களே என்று 'ஸ்டைன்ஸ்;கேட்' பார்க்கத் தொடங்கினேன். நாலு எபிசோட் முடிந்தது. வெள்ளைக் கோட் போட்ட ஒருவன் எதிர்முனையில் யாருமே இல்லாத போனில் பேசுகிறான். மைக்ரோவேவில் வைத்த வாழைப்பழம் பச்சைக் களியாகிறது. வேறொன்றும் நடக்கவில்லை. விட்டுவிடலாமா?

விடவேண்டாம். ஆனால் நீங்கள் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். 2011 ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை ஜப்பானில் ஒளிபரப்பான 24 எபிசோட் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர் இது. கதை உண்மையாகவே திரும்பும் இடம் 12ஆவது எபிசோடின் இறுதி. அதுவரை 'ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றுவதற்குக் காரணம், நடப்பதையெல்லாம் பகிடிக்கு நடுவே ஒளித்து வைத்திருப்பதுதான்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்வோம். 2010 ஜூலை 28, டோக்கியோவின் அகிஹபாரா. கால இயந்திரம் பற்றிய ஓர் உரைக்குப் போகிறான் ஒகாபே, நீங்கள் சொன்ன அந்த வெள்ளைக் கோட்டுக்காரன். அலறல் கேட்டு ஓடிப்போனால், குரிசு என்ற பெண் இரத்த வெள்ளத்தில் கிடக்கிறாள். வெளியே வந்து நண்பன் டாருவுக்கு அதைச் செய்தியாக அனுப்புகிறான். அந்த நொடியில் தெருவிலிருந்த கூட்டம் மறைந்துவிடுகிறது. பிறகு பார்த்தால் அவள் உயிரோடு எதிரே நிற்கிறாள். அவன் அனுப்பிய செய்தியோ சில நாட்களுக்கு முந்திய திகதியோடு டாருவின் போனில் இருக்கிறது. மர்மத்தின் எல்லாத் துண்டுகளும் இந்த 24 நிமிடத்துக்குள்ளேயே உள்ளன. காப்ஸ்யூல் இயந்திரத்திலிருந்து ஒகாபேயின் தோழி மயூரிக்குக் கிடைக்கும் சின்ன உலோகப் பொம்மை மீதும் ஒரு கண் இருக்கட்டும். ஏன் என்று இப்போது சொல்லமாட்டோம்.

தெமோதரை ரயில் வளைவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் ரயில் மலையைச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். இந்தக் கதைக்கும் அதே தடம்தான். கடைசி இரண்டு எபிசோடில் பழைய இடத்துக்கே வருகிறோம், ஆனால் வேறு மட்டத்தில். மேலே நின்றபோது எதைப் பார்த்தோம் என்று நினைவில்லாவிட்டால் கீழே வரும்போது எதுவும் புரியாது. ஆகவே பத்து பத்து விநாடியாகத் தள்ளிப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோட் போதும். நாலாவது முடிந்ததும் முதலாவதை மறுபடி ஒருதரம் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் தாராளமாக விட்டுவிடலாம்.

பதுளை வாசகி: எங்கே கேட்டாலும் 'குறையே இல்லாத தொடர்' என்கிறார்கள். அப்படியா?

இல்லை. முதல் பாதி மெதுவாகப் போவதைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. 13 முதல் 15 வரை மூச்சுமுட்ட ஓடிவிட்டு, 16 முதல் 19 வரை கதை ஒரே தடத்தில் சுற்றுவதுதான் உண்மையான தொய்வு.

7 முதல் 10 வரையான எபிசோட்களில் ஒகாபேயும் நண்பர்களும் இறந்தகாலத்துக்குச் செய்தி அனுப்பி, நடந்ததை மாற்றி விளையாடுகிறார்கள். பின்பாதியில் ஒவ்வொரு மாற்றத்தையும் அழித்துக்கொண்டே திரும்பவேண்டும். கடைசியாக அனுப்பியதைத்தான் முதலில் அழிக்கவேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் ஏறி நிற்கிறது. அந்தக் கணக்கில் பிசகில்லை. ஆனால் பார்ப்பவருக்கு நாலு முறையும் ஒரே சடங்கு: ஒருவரைத் தேடிப் போவது, அவர் கதையைக் கேட்பது, அழுவது, செய்தியை இரத்துச் செய்வது. 17இல் அது நெஞ்சைத் தொடுகிறது. 18இல், ஓர் உயிர் போகப்போகிறது என்ற பதற்றத்துக்கு நடுவே ஊர்சுற்றல் காட்சிகள் வந்து, கட்டிய விறுவிறுப்பை அவிழ்த்துவிடுகின்றன.

இதற்குக் காரணம் மூலத்தில் இருக்கிறது. இது 2009இல் வெளிவந்த விஷுவல் நாவல் வகை கேம், படங்களோடு கதையை வாசித்துக்கொண்டே விளையாடுவது. அதில் ஒவ்வொரு பெண் பாத்திரத்தோடும் கதை கிளை பிரியும். எங்கே நிறுத்துவது என்பது விளையாடுபவர் விருப்பம். தொடரைத் தயாரித்த ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோ அந்தக் கிளைகளை வெட்டாமல் ஒரே கொடியில் வரிசையாகக் கட்டிவிட்டது.

வேறு குறைகளும் உண்டு. எதிரியான 'செர்ன்' அமைப்புக்குக் கடைசி வரை முகமே இல்லை. லூகா என்ற பாத்திரத்தை வைத்துச் செய்யும் பால் அடையாளப் பகிடிகள் இன்று பார்க்கையில் கூசுகின்றன. டாருவின் இரட்டை அர்த்தப் பேச்சு முதல் ஐந்து எபிசோடுக்குள்ளேயே சலித்துவிடும்.

பலம் எங்கே என்றால், ஒகாபேக்குக் குரல் கொடுத்த மியானோ மமோருவிடம். முதல் பாதியில் அந்தப் பைத்தியக்கார விஞ்ஞானியின் சிரிப்பு எரிச்சலூட்டும். பின்பாதியிலும் அதே சிரிப்பு வருகிறது, ஆனால் உள்ளே உடைந்துபோனவன் வெளியே சிரித்துக் காட்டுகிறான் என்பது தொனியிலேயே தெரிகிறது. முதல் பதினொரு எபிசோட் அந்தச் சிரிப்பை நமக்குப் பழக்கியிராவிட்டால் இந்த இடம் எடுபட்டிருக்காது.

பண்டாரவளை, உயர்தர பௌதிகவியல் மாணவர்: அதிலுள்ள விஞ்ஞானம் எவ்வளவு உண்மை? 36 பைட் கணக்கு என்ன?

கதையின் காலப் பயணம் கருந்துளையை நம்பி ஓடுகிறது. சுழலும் கருந்துளைக்குக் கணிதவியலாளர் ராய் கெர் 1963இல் கண்ட தீர்வு உண்மை. அதன் ஒருமைப்புள்ளி வளைய வடிவில் வரும் என்பதும் அந்தக் கணிதத்தில் உள்ளதுதான். ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள்களை மோதவிடும் இயந்திரம் இருப்பதும், கதை நடக்கும் அதே 2010இன் மார்ச் மாதத்தில் அது 7 டெரா இலத்திரன் வோல்ற்று மோதல்களைத் தொடங்கியதும் உண்மை. அந்த மோதலில் கருந்துளை உண்டாக்கி அதன் வழியே தகவல் அனுப்புவது முழுக்கக் கற்பனை.

இறந்தகாலத்துக்கு அனுப்பும் செய்தி 36 பைட்டைத் தாண்டக்கூடாது என்பது தொடரின் விதி. ஜப்பானிய எழுத்து ஒன்றுக்கு 2 பைட் வீதம் 18 எழுத்து. அதுவும் ஆறு ஆறாகத் துண்டுபட்டுப் போய்ச் சேரும். தமிழில் நிலைமை இன்னும் மோசம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'தேயிலை' கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ஏகாரக்குறி, ய, இகரக்குறி, ல, ஐகாரக்குறி என ஆறு குறியீடு, அதாவது 18 பைட். இடைவெளி விடாமல் இரண்டு முறை 'தேயிலை' என்று எழுதினால் 36 தீர்ந்துவிடும். அதை வைத்துக்கொண்டு யாரை எச்சரிப்பது! எஸ்எம்எஸ்ஸில் வேறு குறியீட்டு முறை, அங்கே ஒரு குறியீட்டுக்கு 2 பைட். அதனால்தான் ஆங்கிலத்தில் 160 எழுத்துப் போகும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் தமிழ் 70 குறியீட்டோடு நின்று, மிச்சம் அடுத்த செய்தியாகிறது.

மிகப் பெரிய ஓட்டையும் இந்த எண்ணில்தான். ஒரு மனிதனின் நினைவு 3.24 டெராபைட் என்றும், அதை 36 பைட்டுக்குள் நசுக்கி 48 மணித்தியாலம் வரை பின்னுக்கு அனுப்பலாம் என்றும் சொல்கிறார்கள். 9,000 கோடியில் ஒரு பங்காகச் சுருக்குவது! 36 பைட் என்பது 288 பிட். அத்தனை பிட்டால் 2இன் 288ஆம் அடுக்கு வேறுபாடுகளைத்தான் காட்டமுடியும். அதைவிட அதிகமாக வேறுபடக்கூடிய ஒன்றை இழப்பில்லாமல் அதற்குள் அடைக்க எந்தக் கருந்துளையாலும் ஆகாது.

கதையில் தேடும் 'ஐபிஎன் 5100' கணினிக்கு உண்மை முன்மாதிரி 1975இல் வந்த ஐபிஎம் 5100. ஐந்து அங்குலத் திரை. எடை கிட்டத்தட்ட 25 கிலோ, நம் கடையில் வாங்கும் ஓர் அரிசி மூட்டை அளவு. ஆகவே ஒகாபேயும் குரிசுவும் அதைச் சுமக்கப் படும் பாடு மிகையில்லை. 2000, 2001ஆம் ஆண்டுகளில், '2036இலிருந்து வந்திருக்கிறேன்' என்று இணையத்தில் எழுதிய ஜோன் டைட்டர் என்ற புனைபெயர்க்காரரும் இதே கணினி தேவை என்றுதான் சொன்னார். அந்தப் புரளியையே கதையின் முதுகெலும்பாக்கியது கெட்டித்தனம்.

தலவாக்கலை வாசகர்: எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான். போனில் பார்க்கலாமா? எந்த வரிசையில் பார்ப்பது?

24 எபிசோட், ஒவ்வொன்றும் 24 நிமிடம், மொத்தம் 9 மணி 36 நிமிடம். விநாடிக்கு 1 மெகாபிட் தரத்தில் எடுத்தால் எபிசோடுக்கு 180 எம்பி, முழுத் தொடருக்கு 4.3 ஜிபி வரும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் நேரடியாகப் பார்க்கவேண்டாம். நிதானமான கதையில் நடுவே சுற்றும் வட்டம் வந்தால் பிடிமானம் போய்விடும். உங்கள் பொதியில் இரவு நேர டேட்டா இருந்தால், செயலியில் நாலைந்து எபிசோடாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னத் திரையில் இரண்டு சிக்கல். வெயில் காட்சிகள் வேண்டுமென்றே வெளிறிப்போன நிறத்தில் இருக்கின்றன, வெளிச்சத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்றது, கதை போன் செய்திகளில் ஓடுவதால் திரைக்குள் ஓர் எழுத்து, கீழே வசனத்துக்கு ஓர் எழுத்து என்று இரண்டும் ஒரே நேரத்தில் வரும். அங்கே நிறுத்தி வாசியுங்கள். இயர்போனும் வேண்டும்.

வரிசை: முதலில் 24 எபிசோடும், பிறகு மேலதிகமாக வந்த 25ஆவது எபிசோட், அதன் பின் 2013 திரைப்படம். 2018இல் வந்த 23 எபிசோட் 'ஸ்டைன்ஸ்;கேட் 0' கடைசியில்தான். 22க்குப் பிறகு அதை இடையில் செருகிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. முதல்முறை பார்ப்பவர் அப்படிச் செய்தால் 23, 24இன் வேகம் வீணாகும்.

நுவரெலியா வாசகி: 11 வயதுத் தம்பியோடு சேர்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். துப்பாக்கிச் சாவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. டாருவின் பேச்சும் இருக்கிறது. ஒரு பதினைந்து, பதினாறு வயது ஆகட்டும்.

அப்புத்தளை வாசகர்: இதை முடித்துவிட்டேன். இதே மாதிரி மெதுவான மர்மம் இன்னொன்று?

1998இல் வந்த 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்'. 13 எபிசோட்தான். இறந்துபோன வகுப்புத் தோழியிடமிருந்து மின்னஞ்சல் வருவதில் தொடங்குகிறது. இணையத்துக்கு அதில் 'வயர்ட்' என்று பெயர். ஆனால் 'ஸ்டைன்ஸ்;கேட்' போல முடிச்சை அவிழ்த்துக் கையில் தராது. மின்கம்பிகளின் ரீங்காரத்தையும் வெற்றுத் தெருவையும் நீண்ட நேரம் காட்டிக்கொண்டிருக்கும். விடை வேண்டும் என்று பார்த்தால் ஐந்தாவது எபிசோடில் கோபம் வரும்.