ஆர் ஸ்கிரிப்டைப் பைத்தானுக்கு மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆபீஸில் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதிய பழைய ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பைத்தான் மொழிக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உடனே கோடில் கை வைக்காதீர்கள். பழைய ஸ்கிரிப்டை ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் வரும் டேட்டாவைச் சேமித்து வையுங்கள். எத்தனை வரிசை, எத்தனை காலி இடம், கூட்டுத்தொகை என்ன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும் ஒவ்வொரு துண்டையும் அதோடு ஒப்பிட்ட பிறகே அடுத்ததுக்குப் போங்கள். எரர் வராததால் விடை சரி என்று ஆகிவிடாது.

கேள்வி: சராசரி அப்படியே வருகிறது. திட்ட விலக்கம் மட்டும் குறைகிறதே?

பதில்: பைத்தானில் எண் கணக்குக்கான நம்பை (NumPy) தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள், சரிதானே? 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். ஆர் 2.138 என்று சொல்லும், நம்பை 2 என்று சொல்லும். ஆர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 7-ஆல் வகுக்கிறது, நம்பை 8-ஆல் வகுக்கிறது. அட்டவணை டேட்டாவைக் கையாளும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸ் (pandas) இதில் ஆர் பக்கம். அதனால் ஒரே ஸ்கிரிப்டுக்குள் பாண்டாஸும் நம்பையும் கலந்தால் ஒரே டேட்டாவுக்கு இரண்டு விடை வரும். நம்பையில், எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு குறைத்து வகுப்பது என்று சொல்லும் டிடிஓஎஃப் (ddof) மதிப்பை 1 என்று கொடுத்தால் தீர்ந்தது.

கேள்வி: மாவட்டவாரியாகக் கூட்டினால் மொத்தம் இடிக்கிறது, மேடம்.

பதில்: மாவட்டப் பெயர் காலியாக இருக்கும் வரிசைகள் போயிருக்கும். ஆரின் டிப்ளையர் (dplyr) தொகுப்பு அவற்றைத் தனிக் குழுவாக வைத்துக்கொள்ளும். பாண்டாஸில் குழு பிரிக்கும் குரூப்பை (groupby) அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், அதன் டிராப்என்ஏ (dropna) அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால்தான் காட்டும். சராசரியிலும் இதே கதைதான்: ஒரு மதிப்பு இல்லையென்றாலும் ஆர் என்ஏ (NA, மதிப்பு இல்லை) என்றே விடை தரும், பாண்டாஸ் தாண்டிப் போய்விடும். ஆர் செய்வதுதான் முறை என்பது என் கருத்து, டேட்டாவில் ஓட்டை இருப்பது நமக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: இன்டெக்ஸ், அதாவது உறுப்பின் இட எண், பைத்தானில் 0-வில் தொடங்குவது தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: இன்டெக்ஸாகப் போடும் மைனஸ் 1. ஆரில் அது முதல் உறுப்பை நீக்கும், பைத்தானில் கடைசி உறுப்பை எடுத்துத் தரும்.

கேள்வி: ஆம்-இல்லை விடையைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் கோயெஃபிஷியன்ட் (ஒவ்வொரு மாறிக்கும் வரும் கெழு) எல்லாம் சுருங்கிவிட்டது.

பதில்: பைத்தானின் சைகிட்-லேர்ன் (scikit-learn) தொகுப்பு நாம் கேட்காமலே ரெகுலரைசேஷன் போடும், அதாவது கெழுக்களைப் பூஜ்யம் பக்கம் இழுக்கும். ஆரின் ஜிஎல்எம் (glm) ஃபங்ஷன் தரும் விடை வேண்டுமென்றால் பைத்தானின் புள்ளியியல் தொகுப்பான ஸ்டாட்ஸ்மாடல்ஸ் (statsmodels) பக்கம் வாருங்கள். அங்கே ஃபார்முலா இல்லாமல் எழுதினால் இன்டர்செப்டை (மாடலின் மாறிலியை) நீங்களே சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஆரின் எல்எம்இ4 (lme4) என்ற கலப்பு மாடல் தொகுப்பில் எழுதிய மாடல் ஒன்று இருக்கிறது, அதையும் மாற்றணுமா?

பதில்: வேண்டாம். அந்த ஒரு ஸ்கிரிப்ட் ஆரிலேயே இருக்கட்டும். பைத்தானிலிருந்து டேட்டாவை, இரண்டு மொழியும் படிக்கும் பார்க்கே (Parquet) ஃபைலாகக் கொடுங்கள், விடையையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.